பெருங்குடலில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய்

தேயிலைத் தோட்டங்களில் ஒருவருடைய முகம் வெளிறிக் காணப்பட்டால், அதற்குக் காரணம் தேடி எவரும் வெகுதூரம் செல்வதில்லை. வயிற்றிலே பூச்சி என்பார் ஒருவர். இரத்தம் போதாது என்பார் மற்றொருவர். வேளைக்கு உண்ணாமல் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலைக்குப் போனால் வேறென்ன ஆகும் என்பார் மூன்றாமவர். இவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மத்திய மலைநாட்டின் தோட்ட வாழ்வில் குருதிச்சோகை நெடுங்காலப் பழக்கமுள்ள விருந்தாளி. அதன் காரணத்தைக் கண்டறிந்து ஒழிப்பதற்கென்றே 1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் உதவியோடு, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. அந்நாள் முதல் வெளிறிய முகத்தைக் கண்டதும் பூச்சி மருந்து கொடுப்பது தோட்டத்து வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தால் பல்லாயிரம் பேர் நன்மை அடைந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மருந்து கொடுத்தும், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும், முகத்தின் வெளிறல் மாறாத சிலர் உளர். சில கிழமைகள் தேறினாற்போல் இருந்து மீண்டும் மெலிவோர் உளர். அவர்களுள்ளும் மிகச் சிலரிடத்தே, யாரும் எண்ணிப் பாராத ஒரு நோய் பெருங்குடலின் சுவரில் மறைந்து வளர்ந்துகொண்டிருக்கலாம். பெருங்குடலின் நிணநீர்ப் புற்று என்பது அதன் பெயர். வைத்தியர்கள் அதனை லிம்போமா என்பர். அரிய நோயைப் பற்றி ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். மருந்தினால் குணமாக்கத்தக்க புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று என்பதும், அந்த மருந்தைத் தொடங்குவதற்கு நோயின் சரியான பெயர் காலத்தோடு தெரிந்தாக வேண்டும் என்பதுமே அதற்கு விடை.

உடலில் இரத்தம் ஓடுவதை யாவரும் அறிவர். இரத்தத்தோடு வேறொரு நீரும் உடலெங்கும் ஊர்ந்து செல்கிறது. அதுவே நிணநீர். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் அந்நீர் தங்கிச் செல்லும் சிறு கணுக்கள் உண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கிருமிகளோடு போராடும் வெள்ளைக் கலங்களுள் ஒருவகை அங்கேதான் தங்கிப் பெருகுகின்றன. இக்காவற் கலங்கள் கணுக்களில் மட்டும் இருப்பதில்லை. வாய்வழி வரும் உணவோடும் நீரோடும் கிருமிகள் புகும் வழியாகிய குடலின் சுவரிலும் அவை கூட்டங்கூட்டமாகக் குடியிருக்கின்றன. இக்கலங்களுள் ஏதேனும் ஒன்று தன் கட்டுப்பாட்டை இழந்து, வேண்டுவதும் வேண்டாததும் அறியாமல் பெருகத் தொடங்கினால், அதுவே நிணநீர்ப் புற்றாகும்.

இத்தகைய கட்டி குடற்பாதையில் இரைப்பையிலேயே மிகுதியாகத் தோன்றுகிறது. அதற்கு அடுத்தபடி சிறுகுடல். பெருங்குடலில் தோன்றுவது அரிது. பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய்கள் 1,000 எனக் கொண்டால், அவற்றுள் 2 முதல் 6 வரையே இவ்வகையைச் சார்ந்தவை. அவ்வாறு தோன்றும்போதும், சிறுகுடல் வந்து பெருங்குடலோடு சேரும் இடத்தையே இது பெரும்பாலும் நாடுகிறது. வலப்பக்கத்து அடிவயிற்றில், குடல்வால் தொங்கும் இடம் அது. காவற் கலங்கள் அங்கே நிறைந்திருப்பதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஐம்பது வயதைக் கடந்தோரையும், பெண்களைவிட ஆண்களையும் இது சற்று மிகுதியாகப் பற்றுகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உண்போர், எச்.ஐ.வி. தொற்று உள்ளோர், நெடுநாள் குடல் அழற்சியால் வருந்துவோர் ஆகியோரிடத்தே இதற்கு இடம் சற்று அதிகம். எனினும் பெரும்பாலான நோயாளரிடம் இன்னது காரணம் என்று சுட்டிச் சொல்ல இயலாது. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஒரே பாத்திரத்தில் உண்பதாலும் ஒரே காம்பிராவில் உறங்குவதாலும் வருவதன்று. செய்வினையும் அன்று.

இந்நோய்க் குடும்பத்தை மருத்துவ உலகம் படிப்படியாகவே அறிந்துகொண்டது. இலண்டன் நகரில் கைஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த தாமசு ஹொட்ச்கின் என்பவர், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி மாண்ட சிலரின் உடல்களை ஆராய்ந்து 1832ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பெயரால் ஒரு வகை இன்றும் வழங்குகிறது. ஏனைய வகைகள் பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டன. 1958இல் டெனிஸ் பேர்கிற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், உகண்டாவில் குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒரு கட்டியை விவரித்தார். அக்கட்டியின் கலங்களை ஆராய்ந்தபோது 1964இல் ஒரு புதிய வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. அதே பேர்கிற் கட்டி, பிற நாட்டுக் குழந்தைகளிடம் தாடையை விட்டுப் பெரும்பாலும் வயிற்றிலே, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்திலே தோன்றுகிறது. அப்போது குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ள, குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும். அது சில மணி நேரத்திற்குள் வைத்தியசாலை சேர வேண்டிய ஆபத்தாகும்.

குடலில் காணப்படும் நிணநீர்ப் புற்று அங்கேயே பிறந்ததா, அன்றி வேறிடத்தில் பிறந்து அங்கே வந்து சேர்ந்ததா என்பது ஒரு கடினமான வினா. அதற்கு விடை காணும் முறையை 1961இல் டோசன், கோர்ன்ஸ், மோர்சன் என்னும் மூவர் வகுத்தனர். நோயாளரை முதன்முதலிற் பார்க்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி இருத்தலாகாது. மார்பின் எக்ஸ்ரே படத்தில் கணுக்கள் பெருத்துத் தோன்றலாகாது. இரத்தத்தின் வெள்ளைக் கலங்கள் அளவோடு இருத்தல் வேண்டும். ஈரலிலும் மண்ணீரலிலும் நோய் காணப்படலாகாது. நோய் குடலிலும் அதனை அடுத்த கணுக்களிலும் மட்டுமே பெரிதும் நிற்றல் வேண்டும். இவை பொருந்தினால் அது குடலிலேயே பிறந்தது எனக் கொள்ளலாம். கருவிகள் எவ்வளவோ பெருகிவிட்ட இக்காலத்திலும் இந்த ஐந்து வினாக்களின் பயன் குறையவில்லை.

இனி, இந்நோய் மறைந்து வளரும் முறையைப் பார்ப்போம். பெருங்குடலில் பொதுவாகத் தோன்றும் புற்றுநோய் குடலை ஒரு கயிறு போல இறுக்குகிறது. ஆகவே மலம் அடைபட்டு, வயிறு உப்பி, நோய் தன்னை விரைவிற் காட்டிக்கொள்வதுண்டு. நிணநீர்ப் புற்றோ மென்மையானது. குடற்சுவரைத் தடிக்கச் செய்யுமேயன்றி, எளிதில் இறுக்குவதில்லை. வழி அடைபடாமையால் நோயாளர் உண்கிறார், வேலைக்கும் போகிறார், கட்டியோ உள்ளே வளர்கிறது. அடிவயிற்றில் மந்தமான வலி, பசியின்மை, சில நாள் வயிற்றோட்டம், சில நாள் மலச்சிக்கல் என்பனவே தொடக்கத்துக் குறிகள். வயிற்றிலே கையை வைத்தால் ஒரு கட்டி தட்டுப்படும் நிலைக்கு வந்த பின்னரே பலர் வைத்தியரை நாடுகின்றனர்.

மெலிவு மெல்ல மெல்ல வருகிறது. ஹட்டனிலோ, டிக்கோயாவிலோ, பொகவந்தலாவையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எண்ணிக்கொள்ளலாம். அவர் இடுப்பிலே சுற்றிக் கட்டும் படங்கின் கயிறு, சென்ற ஆண்டு போதாமல் இருந்தது, இவ்வாண்டு ஒரு சாண் மிஞ்சித் தொங்குகிறது. நாள்தோறும் கட்டுகிறவருக்கு இது தெரிவதில்லை. நெடுநாள் கழித்து வரும் உறவினரே, இப்படி உருகிவிட்டாயே என்று கேட்கின்றனர். இரவிலே காய்ச்சலும் வியர்வையும் வருவதுண்டு. நுவரெலியாவின் குளிர் யாவரும் அறிந்ததே. அக்குளிரிலே கம்பளி நனையும்படி ஒருவர் வியர்த்து எழுவாராயின், அஃது இயல்பானதன்று. அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

இரத்தப்போக்கின் நிலையும் இத்தகையதே. மூலநோயில் இரத்தம் சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பெருங்குடலின் வலப்பக்கத்திலிருந்து கசியும் இரத்தமோ மலத்தோடு கலந்து நிறம் மாறி வெளியேறுவதால் நோயாளர் காண்பதில்லை. காண்பது முகத்தின் வெளிறலையும், மேட்டிலே ஏறும்போது வரும் மூச்சிளைப்பையும் மட்டுமே. வெளிறலுக்கென இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. அம்மாத்திரையை உண்போருக்கு மலம் கறுப்பாகப் போவது வழக்கம். ஆகவே, பின்னர் உண்மையிலேயே இரத்தம் கலந்து மலம் கறுத்தாலும், அது மாத்திரையின் நிறம் என்று எண்ணி விட்டுவிட இடமுண்டு.

இவ்வாறு இந்நோய் பல பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வாய்வு, பூச்சி, சீதபேதி, மூலம் என்பன தோட்டத்தார் சூட்டும் பெயர்கள். குடல்வால் அழற்சி, குடற்காசம், சாதாரணப் பெருங்குடற் புற்று என்பன வைத்தியர்களும் ஐயுறக்கூடிய பெயர்கள். அவற்றுள் குடற்காசம் பெரிதும் மயக்கம் தருவது. காசநோய் நுரையீரலைப் போலவே குடலையும் பற்றும். அதுவும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே விரும்பும். காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, வலப்பக்கத்துக் கட்டி யாவும் இரு நோய்க்கும் பொது. காசநோய்க்கு மருந்தளித்தும் குறிகள் குறையாவிடின், மருந்தை நீட்டிக்கொண்டே போவதை விடுத்து நோயின் பெயரையே மறுபடி ஆராய்தல் வேண்டும்.

இவ்விடத்தில் தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஒரு பெரும் பொறுப்பு உண்டு. வயிற்றுவலி என்று வரும் ஒவ்வொருவரையும் புற்றுநோய் என்று அஞ்சச் செய்வது தவறு. பொதுவான நோய்க்குரிய மருந்தை முதலிற் கொடுப்பதே முறை. ஆனால் கொடுத்த மருந்து பலிக்கவில்லையாயின், அதே மருந்தை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் கொடுப்பது முறையன்று. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், வளர்ந்த ஆணுக்கும், இரும்புச்சத்துக் குறைவினால் குருதிச்சோகை ஏற்படுமாயின், இரத்தம் எங்கிருந்து கசிகிறது என்று குடற்பாதையை ஆராய்ந்தே ஆக வேண்டும் என்பது மருத்துவ விதி. குருதிச்சோகை எங்கும் மலிந்த இடத்தில் இவ்விதி எளிதில் மறக்கப்படுகிறது. ஆகவே மலைநாட்டில் அதனைக் கூடுதலாக நினைவில் வைத்தல் வேண்டும்.

மருந்துச்சாலையிலிருந்து நோயாளர் செல்ல வேண்டிய வழி முன்னிலும் சற்று எளிதாகியுள்ளது. டிக்கோயாவில், கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய அரசின் நன்கொடையாக 150 கட்டில்கள் கொண்ட கட்டடம் எழுந்து, 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. கண்டியில் தேசிய வைத்தியசாலையும் அதன் புற்றுநோய்ப் பிரிவும் உள்ளன. மகரகமையில், இன்று அபேக்ஷா என்று பெயர் வழங்கும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. எனினும், போக்குவரத்துச் செலவும் இழக்கும் நாட்கூலியும் சேர்ந்தால், இலவச வைத்தியமும் ஏழைக்குச் செலவுள்ளதே என்பதை மறுக்க இயலாது.

நோயின் பெயரைத் தெளிவாக அறிய, குடலுக்குள் வளைந்து செல்லும் குழாய் ஒன்றைச் செலுத்தி உட்சுவரைப் பார்க்கின்றனர். அதன் நுனியில் விளக்கும் நுண்ணிய ஒளிப்படக் கருவியும் உண்டு. கொலனோஸ்கோபி என்பது அப்பரிசோதனையின் பெயர். அதற்கு முன்பு குடலை முற்றாகச் சுத்தஞ்செய்தல் வேண்டும். அதன்பொருட்டுக் கொடுக்கும் மருந்தைக் குடித்தால், இரவும் பகலும் பலமுறை மலங்கழிக்க நேரும். லயத்திலே மலகூடம் தொலைவில் இருப்போரும், பல வீட்டாரோடு அதனைப் பகிர்ந்துகொள்வோரும், முதுமையால் தளர்ந்தோரும், முதல் நாளே வைத்தியசாலையில் தங்கி அம்மருந்தை உட்கொள்ள இடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டுவதில்லை. குடல் சரியாகச் சுத்தமாகாவிடின் பரிசோதனையே வீணாகும்.

குழாயின் வழியாகச் சிறு இடுக்கி ஒன்றைச் செலுத்தி, ஐயத்துக்குரிய இடத்திலிருந்து இழையத் துணுக்குகளை எடுக்கின்றனர். நிணநீர்ப் புற்று உட்சுவரின் மேற்றோலுக்குக் கீழே படர்வதால், மேலோட்டமாக எடுத்த ஒரு துணுக்கில் அது அகப்படாமற் போகலாம். ஆகவே பல துணுக்குகள் வேண்டும். சில வேளை இரண்டாம் முறையும் எடுக்க வேண்டும். அதனைக் கேட்டு நோயாளர் சினங்கொள்ளலாகாது. இத்துணுக்குகளை மெல்லிய ஏடாகச் சீவி, சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்வர். சாதாரணச் சாயம் போதாது. கலங்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களைத் தனித்தனியே காட்டும் சிறப்புச் சாயங்கள் தேவை. சி.டி. 20 என்னும் அடையாளம் அவற்றுள் முக்கியமானது. அதனைக் கொண்டே நோயின் வகையும் அதற்குரிய மருந்தும் தீர்மானிக்கப்படுகின்றன. வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, பெரிய பி வகைக் கலங்கள் பரவலாகப் பெருகும் நோயாகும். அது விரைந்து வளர்வது. விரைந்து வளர்வதாயினும் மருந்துக்கு நன்கு கட்டுப்படுவது.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஸ்டெரொய்ட் என்னும் இன மருந்துகள், வீக்கத்துக்கும் வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கப்படுபவை, நிணநீர்ப் புற்றைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். துணுக்கு எடுப்பதற்கு முன்பு அவற்றை உட்கொண்டால், நோய் இருந்தும் இல்லாததுபோல் தோன்றக்கூடும். ஆகவே கடைகளில் தாமாக மாத்திரை வாங்கி உண்பதைத் தவிர்த்தல் வேண்டும். உண்டிருந்தால் அதனை வைத்தியரிடம் ஒளியாது கூறுதல் வேண்டும்.

நோயின் பெயருக்கு இத்துணை சிறப்பு ஏன்? சாதாரணப் பெருங்குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சையே முதற் சிகிச்சை. குடலின் அப்பகுதியை வெட்டி அகற்றுவதே அதன் அடிப்படை. நிணநீர்ப் புற்றுக்கு மருந்தே முதற் சிகிச்சை. குடல் அடைபட்டாலோ, துளைபட்டாலோ, இரத்தம் பெருகினாலோ சத்திரசிகிச்சை தேவைப்படும். இரண்டும் கட்டிதான், இரண்டும் புற்றுதான். ஆயினும் வெட்டுவதோடு நின்றுவிட்டால் நிணநீர்ப் புற்று பிற இடங்களில் மறுபடியும் தலைகாட்டும்.

தோட்டத்து நோயாளருக்கு உண்மையான ஆபத்து நேரும் இடம் இதுவே. குடல்வால் அழற்சி என்றோ, குடல் அடைப்பு என்றோ அவசரமாக ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. கட்டி அகற்றப்படுகிறது. புண் ஆறுகிறது. கட்டியை எடுத்தாயிற்று என்ற மகிழ்ச்சியோடு அவர் லயத்துக்குத் திரும்புகிறார். அகற்றிய பகுதி ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, அதன் முடிவு சில கிழமைகள் கழித்தே வருகிறது. நிணநீர்ப் புற்று என்ற பெயர் அந்த முடிவிலேதான் முதன்முதலாக எழுதப்படுகிறது. அவரை மீண்டும் அழைக்க வேண்டும். ஆனால் தோட்டங்கள் பலவற்றில் லயக் காம்பிராவுக்கெனத் தனி முகவரி இல்லாத குறை நெடுங்காலமாக உள்ளது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறியே உரியவரைச் சேர்கின்றன. சில சேர்வதே இல்லை. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பதும் உண்டு. பிழைக்கும் வழியுள்ள ஒருவர், அவ்வழி தமக்குத் திறந்திருப்பதையே அறியாமல் கூடையைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

இதனைத் தடுக்கும் உபாயம் எளிது. வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது, உடலிலிருந்து ஏதேனும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களா, அதன் முடிவு எப்போது வரும், எந்த நாளில் வந்து கேட்க வேண்டும் என்ற மூன்று வினாக்களை நோயாளரோ உடன் சென்றவரோ கேட்டறிதல் வேண்டும். அந்த நாளைக் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரும்படி வேண்டுதல் தகும். குடும்பத்தாரின் தொலைபேசி இலக்கம் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தல் நலம். வைத்தியசாலையில் பேசப்படும் மொழி நோயாளருக்கு விளங்காதாயின், சிங்களமோ ஆங்கிலமோ அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ, பாடசாலை ஆசிரியரிடமோ காட்டிப் பொருள் கேட்பதும் நன்று. முடிவு வரும் நாளில் ஒரு பிரட்டைத் தவறவிட்டாலும் கிளினிக்கைத் தவறவிடலாகாது.

சிகிச்சையின் வரலாறு வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போரில் பயன்படும் நச்சுப்பொருளை ஆராய்ந்த அறிஞர்கள், அது வெள்ளைக் கலங்களை அழிப்பதைக் கண்டனர். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுக்கு அதனை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். கட்டி கரைந்தது. அது நிலைத்த குணமாகாவிடினும், மருந்தினால் புற்றைக் கரைக்கலாம் என்ற உண்மை அன்று தெளிவாயிற்று. இன்று வழங்கும் சைக்கிளோபொஸ்பமைட் என்னும் மருந்து அந்த இனத்தைச் சேர்ந்ததே. மற்றொரு மருந்து மலைநாட்டு வீட்டு முற்றங்களுக்கும் அறிமுகமான ஒரு செடியிலிருந்து வந்தது. நித்தியகல்யாணியே அச்செடி. நீரிழிவுக்கு உதவுமோ என்று கனடாவில் அதன் சாற்றை ஆராய்ந்தபோது, அது வெள்ளைக் கலங்களைக் குறைப்பது 1950களில் தெரியவந்தது. அச்செடியினின்று பிரித்த வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. இதனைக் கேட்டுவிட்டு எவரும் நித்தியகல்யாணியை அவித்துக் குடிக்கலாகாது. செடியிலே நஞ்சுகள் பல கலந்துள்ளன. மருந்தோ மிக நுண்ணிய அளவில் பிரித்தெடுத்து, நரம்பின் வழி ஏற்றுவது. இரண்டும் ஒன்றல்ல.

இவற்றோடு டொக்சொரூபிசின், பிரெட்னிசொலோன் ஆகிய இரண்டையும் சேர்த்து நான்கு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. சி.டி. 20 என்ற அடையாளத்தைத் தேடிப் பிடித்துத் தாக்கும் ரிற்றுக்சிமாப் என்னும் மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பின்னர் இந்நால்வகையோடு ஐந்தாவதாகச் சேர்ந்தது. அதனால் குணமடைவோர் தொகை உயர்ந்தது. வழக்கமாக 21 நாட்களுக்கு ஒருமுறை, 6 முறை அளவில் இவை ஏற்றப்படும். பெரிய பி வகைக் கல நோயில், இவ்வாறு மருந்து பெறுவோர் 10 பேரில் ஏறக்குறைய 6 பேர் நோய் நீங்கி வாழ்கின்றனர். நோய் பரவிய அளவையும் நோயாளரின் வயதையும் பொறுத்து இக்கணக்கு கூடலாம், குறையலாம். மெல்ல வளரும் சில வகைகள் முற்றாக நீங்காமல், ஆண்டுகள் பல கழித்து மீண்டு வருவதும் உண்டு.

மருந்து துன்பம் தராமல் இராது. முடி உதிரும், பின்னர் முளைக்கும். டொக்சொரூபிசின் சிவப்பு நிறமுள்ளதால் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அஃது இரத்தமன்று, அஞ்ச வேண்டுவதில்லை. வின்கிறிஸ்ரின் விரல் நுனிகளை மரக்கச் செய்யும். எழுதுகோல் பிடிப்போருக்கு அது சிறு தொல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைத் தொட்டறிந்து கிள்ளும் விரல்களுக்கோ அது பிழைப்பையே பாதிப்பது. ஆகவே மரப்பு தொடங்கியதும் வைத்தியரிடம் சொல்லல் வேண்டும். அளவைக் குறைக்க வழியுண்டு. மருந்து முடிந்த பின் பெரும்பாலும் மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பும்.

இரண்டு குறிகள் மட்டும் ஒரு நாளும் பொறுக்கத்தக்கவை அல்ல. முதலாவது காய்ச்சல். மருந்து ஏற்றிய பின், சிறப்பாக இரண்டாம் கிழமையில், உடலின் காவற் கலங்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது வெப்பமானியில் 38 பாகை சென்ரிகிரேட் காட்டுமாயின், பனடோல் விழுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தல் ஆகாது. அன்று இரவே வைத்தியசாலை சேர்தல் வேண்டும். இரண்டாவது, திடீரென்று எழும் கடும் வயிற்றுவலி. கட்டி கரையும்போது அது பற்றியிருந்த குடற்சுவர் துளைபடக்கூடும். மலையுச்சியிலுள்ள லயங்களுக்கு வாகனம் கிடைப்பது அரிது என்பது உண்மையே. இந்திய நன்கொடையோடு 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இத்தகைய வேளைக்கென்றே உள்ளது. மருந்து பெறும் ஒருவர் இருக்கும் வீட்டில், அந்த இலக்கத்தையும், வாகனம் ஏறிவரக்கூடிய இடத்தையும் முன்னமே அறிந்து வைத்தல் நலம்.

ஆறுமுறை மருந்து என்றால் ஆறுமுறை பயணம். பரிசோதனைகளையும் சேர்த்தால் பயணங்கள் இன்னும் பல. மூன்றாம் முறையோடு கட்டி கரைந்து, பசி திரும்பி, உடம்பு தேறியதும், இனிப் போக வேண்டாம் என்று நிறுத்திவிடும் எண்ணம் தோன்றுவது இயல்பு. அவ்வாறு நிறுத்துவது பெருந்தவறு. கண்ணுக்குத் தெரியாத கலங்கள் எஞ்சியிருக்கும். இரண்டாம் முறை வரும் நோய், முதன்முறை மருந்துக்குக் கட்டுப்பட்டதைப்போல் கட்டுப்படுவதில்லை. ஆகவே அந்த நான்கைந்து மாதங்களுக்கு நோயாளரின் குடும்பத்தை அயலார் தாங்கிக்கொள்ளல் வேண்டும். தாய் கண்டிக்குப் போகும் நாளில் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறிடுவதும், துணைக்கு ஒருவர் செல்வதும், வழிச்செலவுக்குச் சிறுதொகை திரட்டிக் கொடுப்பதும் லயத்து வாழ்வுக்குப் புதியன அல்ல. சாவு வீட்டுக்குத் திரளும் கைகள், சாவைத் தடுக்கும் பயணத்துக்கும் திரளல் வேண்டும்.

நோயாளரிடம் நோயின் பெயரை மறைப்பது பல குடும்பங்களில் வழக்கமாக உள்ளது. புற்று என்ற சொல்லைக் கேட்டாலே உயிர் போய்விடும் என்ற அச்சமே காரணம். ஆனால் தமக்கு வயிற்றுப்புண் என்றே எண்ணியிருப்பவர், புண் ஆறியது போலத் தோன்றியதும் மருந்தை நிறுத்திவிடுவார். நோயின் பெயரையும், அது மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது என்பதையும் ஒருசேரச் சொல்வதே அவருக்குச் செய்யும் நன்மை.

அரிய நோய் தோட்டம் ஒன்றிலே எத்தனையோ ஆண்டுகளுக்கு ஒருமுறை தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். ஆனால் மருந்துக்கு மாறாத வெளிறலையும், காரணமற்ற மெலிவையும், குளிரிலும் நனைக்கும் இரவு வியர்வையையும், வயிற்றிலே தட்டுப்படும் கட்டியையும் ஆராய்வோர், வேறு பல நோய்களையும் காலத்தோடு கண்டுகொள்வர். குடற்காசமாயின் அதற்கு மருந்துண்டு. சாதாரணப் புற்றாயின் தொடக்கத்திலே சத்திரசிகிச்சையால் நீக்கலாம். பூச்சியே ஆயின் அதுவும் தெளிவாகும். ஆகவே ஆறு கிழமைகள் மருந்துண்டும் தேறாத வயிற்று நோயாளர் எவரையும், தோட்டத்து மருந்துச்சாலை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தல் வேண்டும். அனுப்பாவிடின், அனுப்பும்படி வீட்டார் கேட்டல் வேண்டும். எடுத்த துணுக்கின் முடிவு கைக்கு வரும்வரை, சிகிச்சை முடிந்தது என்று ஒருவரும் எண்ணலாகாது.